தலைக்கு ரெண்டரை டாலர்: பிலிப்பைன்ஸ்ல எட்டு நாள்

ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு, இன்னும் இருமல் விடல. ஆபீஸ் வேலையா மணிலா பக்கம் மக்காத்தில ஒரு வாரம் ட்ரெய்னிங், அது முடிஞ்சு எட்டு நாள் லீவு போட்டேன். எல்லாரும் போராகாய் போ, பலாவான் போ, கடல் கண்ணாடி மாதிரி இருக்கும்னாங்க. நான் போகல. காரணம் ட்ரெய்னிங்ல பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணு. அமெரிக்க கிளையண்ட் கால் முடிச்சிட்டு ஹெட்செட்டை கழுத்துல போட்டுக்கிட்டே, "எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு போர் நடந்துச்சு தெரியுமா, ஸ்கூல்ல ரெண்டு பீரியட்ல முடிச்சிட்டாங்க, ஜப்பான்காரன் வந்ததைத்தான் ஒரு மாசம் நடத்துவாங்க"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுச்சு. மூணு வருஷம் நடந்த போர் ரெண்டு பீரியடா? ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து படிச்சேன், மறுநாள் போராகாய் டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். பாதிக் காசுதான் திரும்ப வந்துச்சு, அது வேற கதை.

பிப்ரவரி 8, 2025, சனி. மணிலா, சாந்தா மேசா

காலைல தப்சிலோக். மாட்டுக்கறியை இனிப்பும் புளிப்புமா ஊறவச்சு வறுத்து, பூண்டு போட்டு வதக்குன சோறு, மேல ஒரு ஆஃப்பாயில், தொட்டுக்க வினிகர். 150 பெசோ, நம்ம காசுக்கு 225 சொச்சம். இந்த 150-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. காலங்காத்தால சோறு திங்கிற ஜனம், அதனாலயே எனக்கு இந்த ஊர் பிடிச்சுப் போச்சு.

வி. மாப்பா ஸ்டேஷன்ல இறங்கி சோசியேகோ தெருவைத் தேடுனேன். வெயில்னா வெயில். ட்ரைசைக்கிள்காரர்ட்ட கேட்டா கையை நீட்டி வழி காட்ட மாட்டேங்கிறாரு, உதட்டைக் குவிச்சு "அங்க"ன்னு ஒரு திசையில நீட்டுறாரு. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான், ரெண்டு நாள்ல நானும் பழகிட்டேன். ரெண்டு தடவை தப்பான தெருவுல நுழைஞ்சு, ஒரு நாய் துரத்தி, கடைசில பாத்தா சாதாரண குடியிருப்புத் தெரு, கரண்ட் கம்பி தலைக்கு மேல சிலந்தி வலை மாதிரி, துணி காயுது, ஒரு சின்னக் கல்வெட்டு. அவ்வளவுதான்.

1899 பிப்ரவரி 4 ராத்திரி இங்கதான் முதல் குண்டு. அப்ப மணிலாவுக்குள்ள அமெரிக்கப் படை, சுத்தி வெளிய புரட்சித் தலைவர் அகினால்டோவோட பிலிப்பினோ படை, ரெண்டும் மாசக்கணக்கா முறைச்சிக்கிட்டு நின்னுச்சு. நெப்ராஸ்கா தொண்டர் படைல வில்லியம் கிரேசன்னு ஒருத்தன், இருட்டுல ஆள் வர்றதைப் பாத்து நில்லுன்னு கத்துனான், நிக்கல, சுட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஸ்பெயின்ட்ட இருந்து பிலிப்பைன்ஸை வாங்குற ஒப்பந்தம் வாஷிங்டன் செனட்ல ஓட்டுக்கு வந்துச்சு, 57-க்கு 27. மூணுல ரெண்டு பங்கு வேணும், ஒரே ஒரு ஓட்டுதான் அதிகம். ரொம்ப நாளா இந்தக் கல்வெட்டை சான் ஹுவான் பாலத்துல வச்சிருந்தாங்களாம், அப்புறம்தான் எடம் அது இல்லன்னு இங்க மாத்திருக்காங்க. முதல் குண்டு எங்க வெடிச்சதுன்னே நூறு வருஷம் தப்பா நினைச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. சோசியேகோன்னா ஸ்பானிஷ்ல அமைதின்னு அர்த்தமாம், பேரு வச்சவனைக் கும்பிடணும்.

பக்கத்துப் பெட்டிக்கடை அம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டு, கோலாவை பாலித்தீன் பையில ஊத்தி ஸ்ட்ரா சொருகிக் குடுத்தாங்க, பாட்டில் கடைக்கு வேணுமாம். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு மெதுவா, "பூம்பாய்? ஃபைவ்-சிக்ஸ்?"ன்னாங்க. முழிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்தியாக்காரன்னாலே இங்க பூம்பாய், பைக்ல வந்து வட்டிக்கு விடுறவன், அஞ்சு வாங்கினா ஆறு திருப்பணும், அதான் ஃபைவ்-சிக்ஸ். நம்ம ஊர் தண்டல்தான். வசூலுக்கு வந்தேன்னு நினைச்சிருக்காங்க. இல்லம்மா, கல்வெட்டு பாக்க வந்தேன்னதும் மூஞ்சி மலர்ந்துருச்சு. "ஹிஸ்டாரிக்கல், சார்!"னு பெருமையா சொன்னாங்க. எந்தப் போர்னு கேட்டேன். "ஜப்பான்?"

பிப்ரவரி 9, ஞாயிறு. மணிலா, இன்ட்ராமுரோஸ்

ஸ்பானிஷ்காரன் கட்டுன கோட்டை ஊர். குதிரை வண்டிக்காரன் 500 பெசோன்னு ஏத்திட்டு, இறங்கும்போது அது அரை மணிக்குன்னு சொல்லி இன்னொரு 500 கேட்டான், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா சண்டை வேணாம்னு 300 குடுத்துட்டு வந்தேன்.

இந்த மதிலைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. 1898 மே 1, டூயின்னு ஒரு அமெரிக்கக் கடற்படை கமோடோர் ஹாங்காங்ல இருந்து கப்பல் கூட்டிட்டு வந்து மணிலா விரிகுடால ஸ்பெயின் கப்பலையெல்லாம் ஒரு காலைப்பொழுதுல காலி பண்ணிட்டாரு. அமெரிக்காவும் ஸ்பெயினும் கியூபாவுக்காக ஆரம்பிச்ச சண்டை, அடி விழுந்தது உலகத்தோட அந்தக் கோடில. தரைல சண்டை போட்டது அகினால்டோ ஆளுங்க, ஜூன் 12-ல காவீத்தேல கொடி ஏத்தி சுதந்திரம்னு அறிவிச்சிட்டாங்க, மணிலாவைச் சுத்தி வளைச்சாச்சு. ஆனா ஆகஸ்ட் 13-ல நடந்தது நாடகம். ஸ்பெயினும் அமெரிக்காவும் முன்னாடியே பேசி வச்சு, கொஞ்ச நேரம் சுடுற மாதிரி சுட்டு, இவன் சரண்டர் ஆகி, அவன் உள்ள வந்தான். ஒரே கண்டிஷன், பிலிப்பினோ உள்ள வரக்கூடாது. இதுல கொடுமை, அதுக்கு முந்தின நாளே வாஷிங்டன்ல சண்டை நிறுத்தம் கையெழுத்தாயிருச்சு, கடல் கேபிளை டூயியே வெட்டிட்டதால இங்க யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 10, பாரிஸ். ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் குடுத்துச்சு, விலை 2 கோடி டாலர். புவேர்ட்டோ ரீக்கோவும் குவாமும் அதே ஒப்பந்தத்துல. அகோன்சிலியோன்னு ஒரு வக்கீலை பிலிப்பினோக்காரங்க தூதரா அனுப்பிருந்தாங்க, ரூமுக்குள்ளயே விடல. 1903 கணக்கெடுப்புல ஜனத்தொகை 76 லட்சம். கடற்கரைச் சுவர்ல உக்காந்து ஃபோன்ல வகுத்துப் பாத்தேன், தலைக்கு ரெண்டரை டாலர் சொச்சம், இன்னிக்கு ரேட்ல 150 பெசோ. ஒரு தப்சிலோக். அந்தக் காலத்து டாலரும் இந்தக் காலத்து டாலரும் ஒண்ணில்லன்னு எனக்கும் தெரியும், யாரும் பாடம் எடுக்க வராதீங்க.

சூரியன் மறையுறது நிஜமாவே நல்லாருந்துச்சு. இந்தக் கடலோர ரோட்டுக்கு ஒரு காலத்துல டூயி பேருதான், இப்ப இந்த நாட்டுப் பழைய பிரசிடெண்ட் ரோஹாஸ் பேரு.

பிப்ரவரி 10, திங்கள். டக்லோபான்

ஃபிளைட் நாலு மணி நேரம் லேட், மழை. ஏர்போர்ட்ல குடுத்த பன்னு கல்லு. இறங்கினா இங்கயும் மழை, நம்ம ஐப்பசி அடைமழை மாதிரி விடாம.

சாயங்காலம் பாலோ போனேன், ஜப்பான்ட்ட இருந்து நாட்டை மீட்க அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் 1944 அக்டோபர் 20-ல திரும்பி வந்து கரை இறங்குன இடம். தண்ணிக்குள்ள அவரும் அவர் ஆளுங்களும் நடந்து வர்ற மாதிரி சிலைங்க, ஆளை விட உயரம், 2013 யோலாண்டா புயல்ல ஒரு சிலை சாஞ்சு மறுபடி நிறுத்திருக்காங்க. குடை பிடிச்சு செல்ஃபி எடுக்குது ஒரு குடும்பம், என்னையும் கூப்பிட்டு நிக்க வச்சாங்க. சாந்தா மேசால இருந்த கல்வெட்டு ஒரு கதவு அளவுகூட இருக்காது. இன்னொண்ணு: இவரோட அப்பா ஆர்தர் மெக்கார்தர், 1900 மேல இருந்து 1901 ஜூலை வரைக்கும் இந்த நாட்டுக்கு மிலிட்டரி கவர்னர். அந்த ராத்திரி சுட்ட நெப்ராஸ்கா படை அவர் டிவிஷன்தான். அப்பன் வந்ததுக்கு சிலை இல்ல, மகன் வந்ததுக்கு இருக்கு. அந்தக் குடும்பத்துட்ட இதைச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சின்னப் பையன் மெக்கார்தர் மாதிரி விறைப்பா போஸ் குடுத்துக்கிட்டிருந்தான், விட்டுட்டேன்.

ராத்திரி மோரோன்னு ஒண்ணு சாப்பிட்டேன், அரிசி மாவு, தேங்காப்பால், சாக்லேட் கிண்டி வாழையிலைல சுருட்டி வேகவச்சது. நம்ம இலைக் கொழுக்கட்டைக்கு சாக்லேட் போட்டா எப்படி இருக்கும், அதேதான். ஆறு தின்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். பலங்கீகா

வேன்ல வரிசைக்கு மூணு பேர்னு எழுதியிருக்கு, நாலு பேர் ஏத்துறாங்க, என் மடில யாரோட அரிசி மூட்டையோ. சான் ஹுவானிகோ பாலம் தாண்டி சமார் தீவு, மராபுத் பக்கம் கடலுக்குள்ள பாறைங்க காளான் மாதிரி நிக்குது, மழைல பாதிதான் தெரிஞ்சுது. ரெண்டரை மணி நேரம். இறங்கினதும் செருப்பு வார் அறுந்துபோச்சு.

சின்ன ஊரு, கிறிஸ்தவக் கோயில், திடல், முனிசிபல் ஹால், அந்தப்பக்கம் கடல். திடல்ல சிலைத்தொகுதி, டேபிள்ல சோல்ஜருங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, அரிவாளோட ஊர்க்காரங்க பாயுறாங்க. சாப்பாட்டு டேபிளை நினைவுச்சின்னமா வச்ச ஊரை நான் வேற எங்கயும் பாக்கல.

நடந்தது இதான். 1901 ஆகஸ்ட்ல அமெரிக்க ஒன்பதாவது இன்ஃபன்ட்ரியோட சி கம்பெனி இங்க வந்து உக்காந்துச்சு, 74 பேர். ஊரை சுத்தம் பண்ணணும்னு ஆம்பளைங்களை வளைச்சுப் பிடிச்சு கூடாரத்துல அடைச்சு வேலை வாங்குனாங்க, வச்சிருந்த நெல்லு தானியத்தைப் பறிச்சாங்க. போலீஸ் சீஃப் வலேரியானோ அபனடோர், உள்ளூர்க்காரர், சோல்ஜர்களோட சிரிச்சுப் பழகுனவர், அவர்தான் திட்டம் போட்டது. பொம்பளை வேஷத்துல ஆளுங்க கோயிலுக்குள்ள வந்தாங்க, சின்னச் சின்ன சவப்பெட்டி, காலரால செத்த பிள்ளைங்கன்னு சொல்லிருக்காங்க, உள்ள இருந்தது அரிவாள். செப்டம்பர் 28 காலைல டிஃபன் நேரம், அபனடோர் ஒரு காவல்காரன் துப்பாக்கியைப் பிடுங்கி மண்டைல போட்டாரு, கோயில் மணி அடிச்சுது. 74-ல 48 பேர் செத்தாங்க.

அதுக்குப் பழிவாங்க வந்தவர்தான் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். மேஜர் வாலர்ட்ட சொன்னது, கைதிங்க வேணாம், கொல்லு, எரி, எவ்வளவு கொல்லுறியோ எரிக்கிறியோ எனக்கு அவ்வளவு சந்தோஷம். எத்தனை வயசுக்கு மேலன்னு அந்த மேஜர் கேட்டிருக்கான். பத்து. பத்து வயசு! ஸ்மித்தை கோர்ட் மார்ஷல் பண்ணாங்க, கண்டிச்சாங்க, ரிட்டையர் பண்ணி வீட்டுக்கு அனுப்புனாங்க, முடிஞ்சுது. நாடு மொத்தத்துக்கும் கணக்கு அமெரிக்க அரசாங்கமே போட்டது இருக்கு: அமெரிக்கன் 4,200-க்கு மேல, பிலிப்பினோ வீரர்கள் 20,000-க்கு மேல, சாதாரண ஜனம் குண்டுலயும் பசிலயும் நோய்லயும் 2 லட்சம் வரைக்கும்.

அந்தக் கோயில் மணிங்க மூணையும் அமெரிக்கப் படை எடுத்துட்டுப் போயிருச்சு. ரெண்டு வயோமிங்ல ஒரு ராணுவ முகாம்ல, ஒண்ணு அந்த ரெஜிமென்ட்டோட சுத்திச் சுத்தி கடைசில தென்கொரியால. கேட்டுக் கேட்டு 117 வருஷம் கழிச்சு 2018 டிசம்பர் 15-ல திரும்பி வந்துச்சு. நான் ஏதோ பிரம்மாண்டமா நினைச்சிருந்தேன், பெரிய மணியே என் இடுப்பு உயரம்கூட இல்ல. மழை ஈரத்துல பச்சை ஏறுன வெண்கலம். இதுக்காக ரெண்டு நாட்டு சட்டசபை, ஆர்மி, பிஷப்புங்க எல்லாரும் இருபது முப்பது வருஷம் மல்லுக்கட்டிருக்காங்க. சிலுவை போட்டுட்டு ஒரு பாட்டி வந்து அதோட நின்னாங்க, வயசு எண்பது இருக்கும். வாரே மொழி, எனக்கு சலாமத் தவிர ஒண்ணும் புரியல, பேத்தி மொழிபெயர்த்துச்சு: "அவங்க அம்மா சின்னப் பிள்ளைல இருந்து மணி வருமா மணி வருமான்னு கேட்டுட்டே செத்துட்டாங்களாம், இவங்களுக்குத்தான் கேக்குற பாக்கியம்." பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் ஏதோ சொன்னாங்க, பேத்தி சிரிச்சிருச்சு. என்னன்னு கேட்டேன். "உங்களுக்கு செருப்பு இல்லையாம், காய்ச்சல் வரும்னு சொல்றாங்க."

பேச்சு சுவாரசியத்துல டக்லோபான் போற கடைசி வேனை விட்டுட்டேன். நாலு மணிக்கே முடிஞ்சுதாம், யாரும் சொல்லல, நானும் கேக்கல. கடை வச்சிருந்த ஒரு அக்கா, இங்க அக்காவை ஆத்தேன்னு கூப்பிடணும், எங்க மதுரைப் பக்கம் ஆத்தேன்னா பயந்துட்டான்னு அர்த்தம், கூப்பிடும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும், அந்த ஆத்தே யார் யாருக்கோ ஃபோன் போட்டு தங்கச்சி வீட்டு மாடில படுக்க வச்சாங்க. சோறு, கருவாடு, மிளகா ஊறுன வினிகர். பச்சை மீனை வினிகர்லயும் தேங்காப்பால்லயும் போட்டு கினிலாவ்னு நீட்டுனாங்க, ரெண்டு துண்டு கண்ணை மூடிட்டு முழுங்குனேன், மூணாவது கண்ணைத் திறந்துட்டே. அப்புறம் தூபா. தென்னங்கள்ளுதான், ஆனா கண்டல் மரப்பட்டை போட்டு ரத்தச் சிவப்பா இருக்கு. தங்கச்சி வீட்டுக்காரர் ஊத்திக் குடுத்துட்டு, "பாத்துக் குடிங்க சார், அன்னிக்கு அமெரிக்கனுக்கும் முந்தின ராத்திரி இதைத்தான் ஊத்துனோம்"னாரு. வீடே அதிருது சிரிப்புல. நான் கிளாஸை கீழ வச்சிட்டேன், அப்புறம் எடுத்துக்கிட்டேன்.

பிப்ரவரி 12, புதன். திரும்பி டக்லோபான்

காசு குடுத்தேன், வாங்கல. அரிசிக்காவது எடுத்துக்கோங்கன்னு 500-ஐ டேபிள்ல வச்சேன், வேன் கிளம்புறப்ப ஆத்தே ஓடி வந்து அதே 500-ஐ ஜன்னல்ல திணிச்சுட்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் குடுத்தாங்க, ஒரு சைஸ் சின்னது. பாட்டி சொன்ன மாதிரியே மத்தியானம் காய்ச்சல். படுத்துட்டேன்.

பிப்ரவரி 13, 14. பாகியோ

மணிலால இருந்து பஸ், உள்ள ஏசியை மார்ச்சுவரி மாதிரி வச்சிருந்தாங்க, காய்ச்சக்காரனுக்குக் கேக்கணுமா. மேல வந்தா அங்கயும் குளிரு. கொடைக்கானல்தான், பைன் மரம், ஸ்ட்ராபெரி, ஸ்வெட்டர் கடை, காதலர் தினக் கூட்டம், ரூம் விலை டபுள். வெயில் தாங்காத அமெரிக்கன் மலைல கட்டிக்கிட்ட ஊரு, 1905-ல பிளான் போட்டது சிகாகோ ஆர்க்கிடெக்ட் டேனியல் பர்ன்ஹாம், நடுவுல இருக்கிற பார்க்குக்கு அவர் பேருதான். வெள்ளைக்காரன் எவனா இருந்தாலும் முதல்ல மலையைத்தான் தேடுவான் போல.

கேம்ப் ஜான் ஹே ஒரு காலத்துல ராணுவ ஓய்வு முகாம். ஹேங்கிறவர் அமெரிக்க வெளியுறவு மந்திரியா இருந்தவர், ஸ்பெயின் சண்டையை 'அருமையான குட்டிப் போர்'னு ரூஸ்வெல்ட்டுக்கு லெட்டர் எழுதுன ஆளு. உள்ள பெல் ஹவுஸ்னு ஒரு வெள்ளை மர வீடு, மரத்தரை மின்னுது, வராண்டால கல்யாண ஃபோட்டோ எடுக்குறாங்க. மணி இங்கயும் துரத்துதேன்னு பாத்தா இந்த பெல் ஆளோட பேரு. ஜெனரல் பிராங்க்ளின் பெல், 1901 கடைசில பத்தாங்காஸ்ல ஜனங்களை முகாமுக்குள்ள அடைச்சு வெளிய இருந்த விளைச்சலை எரிக்க வச்சவர். பக்கத்துலயே அவர் பேர்ல படிக்கட்டுத் தோட்டம், அழகோ அழகு, பூவு அப்படி. கொஞ்சம் தள்ளி எதிர்மறை எண்ணங்களைப் புதைக்கிறதுன்னு வேடிக்கைக் கல்லறைத் தோட்டம் ஒண்ணு, முகாம் இருந்த காலத்துல ஒரு கமாண்டர் ஐடியாவாம். என்னத்தைச் சொல்ல.

இதே ஊர்ல மாத்தேயோ கரின்யோன்னு இபாலோய் பழங்குடித் தலைவர், பாட்டன் பூட்டன் காலத்து நிலத்துக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போட்டு 1909-ல ஜெயிச்சிருக்காரு. நினைவு தெரிஞ்ச காலத்துல இருந்து அனுபவிச்ச நிலம் அரசாங்க நிலமே இல்லன்னு தீர்ப்பு. பிலிப்பைன்ஸ்ல பழங்குடி நில உரிமைன்னா இன்னிக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் எடுக்குறாங்க. பெல் ஹவுஸ் வாசல்ல இருந்த கைடு தம்பிட்ட இதைக் கேட்டேன், அவனும் இபாலோய். "ஜெயிச்சோம் சார், நிலத்தைத்தான் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கோம்"னான். டிப்ஸ் 200 குடுத்தேன், ரெண்டு கையால வாங்குனான்.

பிப்ரவரி 15, சனி. காயின்தா

ராத்திரி ஃபிளைட், பகல் சும்மா இருக்கு. மணிலா ஓரத்துல காயின்தா. இங்க வந்ததுக்குக் காரணம் 1762. அப்ப மதராஸ்ல இருந்து கிளம்புன பிரிட்டிஷ் படை ஸ்பெயின்ட்ட இருந்து மணிலாவைப் பிடிச்சுது, கூட வந்தது மதராஸ் சிப்பாய்ங்க. 1764-ல படை திரும்புனப்ப கொஞ்சம் பேர் போகாம இங்கயே கல்யாணம் பண்ணித் தங்கிட்டாங்க. அமெரிக்கனை எட்டு நாளா திட்டிக்கிட்டு வந்தேன், பாத்தா நூத்தி முப்பது வருஷம் முன்னாடியே நம்மாளுங்க துப்பாக்கி தூக்கிட்டு வந்திருக்காங்க, வேற கம்பெனிக்கு.

ரோட்டோரத்துல பிபிங்கா கடை. மண்சட்டில வாழையிலை விரிச்சு அரிசி மாவும் தேங்காப்பாலும் ஊத்தி, கீழயும் நெருப்பு, மேல மூடுன தகரத்துலயும் நெருப்பு. இலை கருகுற வாசனை, ஓரம் ஆப்பம் மாதிரி மொறுமொறு, நடுவுல இட்லி, மேல உப்பு முட்டையும் சீஸும். கடைக்கார அம்மா என்னை உத்து உத்துப் பாத்தாங்க. அப்புறம் உள்ள திரும்பி யாரையோ கத்திக் கூப்பிட்டாங்க. பனியன் போட்டுட்டு ஒரு ஆளு வந்தாரு. கறுப்பு, சுருட்டை முடி, எங்க பெரியப்பா மூக்கு, சத்தியமா அதே மூக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே நிக்கிறோம், அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குது. அவர் என் பேக்கைப் பாத்தாரு, ரப்பர் செருப்பைப் பாத்தாரு.

"பூம்பாய்?"ன்னாரு. "ஃபைவ்-சிக்ஸ்?"